அரியணையும் பலிபீடமும்

1897-ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில், பலராம் போஸின் இல்லத்தில் சுவாமி விவேகானந்தர் ராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தபோது ஏற்கப்பட்ட தீர்மானங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. மிஷனின் நோக்கங்கள் முற்றிலும் ஆன்மிகமும் மனிதத் தொண்டும் சார்ந்தவை. அரசியலுடன் அதற்குத் தொடர்பில்லை என்பதே அது. இத்தீர்மானம் ஏட்டில் உறங்கிவிடவில்லை. 1902 ஜூலையில் சுவாமிஜி மகாசமாதி அடைந்த சில நாட்களிலேயே, அரசியல் பணியைக் கைவிட மனமில்லாத சகோதரி நிவேதிதை, மிஷனுடன் தமக்கிருந்த அமைப்புத் தொடர்பைத் துறக்க நேர்ந்தது. அன்பு குறையவில்லை, தொடர்பு மட்டும் விடுபட்டது.

இந்தத் தீர்மானத்தைப் படிக்கும் அன்பர்கள் சிலர், ‘ஆன்மிக வாழ்வில் இருப்பவன் அரசு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை’ என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அரசியலிலிருந்து ஒதுங்கி நிற்பவனை அரசியலும் தீண்டாமல் ஒதுங்கி நிற்குமா? இக்கேள்வியை நம் நாட்டுச் சூழலில் வைத்து எழுப்பினால் விருப்பு வெறுப்புகள் உடனே குறுக்கே வந்து நிற்கும். ஆகவே தொலைவிலுள்ள ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வது நல்லது. 1933 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மானியக் கிறிஸ்தவத் திருச்சபைகள் கடந்து வந்த பன்னிரண்டு ஆண்டுகள், இவ்விஷயத்தில் பாடநூல் போன்றவை. பிற சமயத்தாரின் குறையை எண்ணி நாம் நிறைவு கொள்வதற்காக அன்று. அவர்களே தங்கள் குறையை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் அது பாடநூலாகிறது.

மன்னரே தலைமைப் பேராயர்

மார்ட்டின் லூதர் 1517-ல் தொடங்கிய சீர்திருத்தம், ரோமாபுரிப் போப்பின் அதிகாரத்திலிருந்து ஜெர்மனியின் பெரும்பகுதியை விடுவித்தது. ஆனால் விடுபட்ட திருச்சபைக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. அப்பாதுகாப்பை அளித்தவர்கள் சிற்றரசர்கள். 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் மன்னர் கத்தோலிக்கரா லூதரனா என்பதே அந்நாட்டு மக்களின் சமயத்தையும் தீர்மானித்தது. சீர்திருத்தத் திருச்சபை நாடுகளில் மன்னரே திருச்சபையின் தலைமைப் பேராயர் ஸ்தானத்தை வகித்தார். இந்த ஏற்பாடு 1918 நவம்பரில் ஜெர்மானியப் பேரரசர் முடிதுறக்கும் வரை நீடித்தது. ‘அரியணையும் பலிபீடமும்’ என்பது அந்நாட்டில் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட சொற்றொடர்.

அரியணை போனபின் பலிபீடம் அநாதையானதுபோல் உணர்ந்தது. 1919-ல் வந்த குடியரசு அமைப்புச் சட்டம், அரசுத் திருச்சபை என்று ஒன்று இனி இல்லை என்றது. சமய வரி வசூலிக்கும் உரிமை முதலியன திருச்சபைகளுக்குத் தொடர்ந்தன. ஆயினும் போதகர்களில் பெரும்பாலோர் குடியரசை மனத்தால் ஏற்கவில்லை. ‘நாங்கள் கட்சிகளுக்கு அப்பாற்பட்டவர்கள்’ என்றே அவர்கள் கூறினர். மனமறிந்து பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. தன்னைச் சுற்றியுள்ளோர் அனைவரும் கொண்டிருக்கும் அரசியல், காற்றைப் போன்றது. சுவாசிப்பவனுக்கு அது தெரிவதில்லை.

இதற்குத் துணையாக ஒரு தத்துவமும் இருந்தது. இறைவன் உலகை இரு வகையாக ஆள்கிறான். நற்செய்தியால் உள்ளங்களை ஆள்கிறான், சட்டத்தாலும் வாளாலும் புறவுலகை ஆள்கிறான் என்பது லூதரின் போதனை. ஆழ்ந்த கருத்துதான். மதகுரு வாளேந்தக் கூடாது, மன்னன் மனச்சாட்சியை ஆளக் கூடாது என்ற இரு எல்லைகளையும் அது வகுத்தது. பிற்காலத்தவர் இரண்டாவது எல்லையை மறந்தனர். புறவுலகில் அரசு எது செய்தாலும் திருச்சபைக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை என்ற அளவுக்கு அது சுருங்கிற்று. வேதாந்தம் பயில்வோர் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. பாரமார்த்திகம், வியாவஹாரிகம் என்ற நுட்பமான பாகுபாட்டை, ‘இதெல்லாம் வியாவஹாரிகம்தானே’ என்று கைகழுவப் பயன்படுத்துவோர் நம்மிடையேயும் உண்டு.

1933

அவ்வாண்டு ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். ஜெர்மானியரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சீர்திருத்தத் திருச்சபையினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். புதிய ஆட்சி முதலில் அச்சுறுத்தவில்லை, புகழ்ந்தது. மார்ச் 21 அன்று போட்ஸ்டாம் நகரின் படைவீரர் தேவாலயத்தில் நாடாளுமன்றத் தொடக்க விழா நடந்தது. இரு நாட்களுக்குப்பின் நாடாளுமன்ற உரையில் இரு திருச்சபைகளையும் மதிப்பதாக ஹிட்லர் உறுதி கூறினார். பதினான்கு ஆண்டுகளாக மதிப்பிழந்ததாக எண்ணிக்கொண்டிருந்த போதகர்களுக்கு இது தேனாக இனித்தது. மீண்டும் ஓர் அரியணை கிடைத்துவிட்டது!

1932-லேயே ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற பெயரில் நாஜிக் கொள்கையைத் திருச்சபைக்குள் கொண்டுவரும் ஓர் இயக்கம் தோன்றியிருந்தது. இருபத்தெட்டு மாநிலத் திருச்சபைகளையும் இணைத்து ஒரே தேசியத் திருச்சபை, அதற்கு ஒரே தேசியப் பேராயர் என்பது அவர்களின் திட்டம். 1933 மே மாதம் திருச்சபைப் பிரதிநிதிகள் அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தவர், பேத்தல் என்ற இடத்தில் வலிப்பு நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் இல்லம் நடத்தி வந்த போடல்ஷ்விங் என்னும் தொண்டர். ஒரு மாதம்கூட அவரால் நீடிக்க முடியவில்லை. அரசு தன் ஆணையரைத் திருச்சபை நிர்வாகத்துக்குள் அனுப்பியதும் அவர் விலகினார். ஜூலை 23 அன்று திருச்சபைத் தேர்தல். அதற்கு முந்திய இரவு ஹிட்லரே வானொலியில் ‘ஜெர்மன் கிறிஸ்தவர்’களுக்கு ஆதரவு தெரிவித்தார். அவர்கள் பெரும் வெற்றி பெற்றனர். செப்டம்பரில், லூதரின் ஊரான விட்டன்பெர்கில், ஹிட்லரின் நம்பிக்கைக்குரிய ராணுவப் போதகர் லுட்விக் முல்லர் தேசியப் பேராயரானார்.

அதே செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபையின் பொதுச் சங்கம் ‘ஆரியர் விதி’யை ஏற்றது. யூத வம்சத்தில் பிறந்தவர்களும் அத்தகையோரை மணந்தவர்களும் திருச்சபைப் பணியில் இருக்கலாகாது என்பது அவ்விதி. ஏப்ரலில் அரசு ஊழியர்களுக்காக இயற்றப்பட்ட சட்டத்தைத் திருச்சபை தானாகவே எடுத்துத் தனக்குப் பூட்டிக்கொண்டது. இதனால் பாதிக்கப்பட்ட போதகர்கள் மிகச் சிலரே. ஆனால் உள்ளே தொட்ட இடம் பெரிது. திருமுழுக்குப் பெற்றவன் புதிய பிறவி என்பது கிறிஸ்தவத்தின் உயிர்நிலை. பழைய பிறப்பு அதன்பின்னும் செல்லும் என்றால் திருமுழுக்கு எதற்கு? பிறப்பா தகுதியா என்று நெடுங்காலமாக வாதிட்டு வரும் நம் நாட்டினருக்கு இக்கேள்வியின் கூர்மை எளிதில் புரியும்.

அறிக்கை

பெர்லின் நகரின் டாலம் பகுதியில் மார்ட்டின் நீமொல்லர் என்ற போதகர் இருந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவராக இருந்தவர்; தீவிர தேசபக்தர்; நாஜிக் கட்சிக்கு வாக்களித்தவரும்கூட. ஆரியர் விதியைக் கண்டதும் அவர் எதிர்த்தார். 1933 செப்டம்பரில் அவர் தொடங்கிய ‘போதகர்களின் அவசரகாலச் சங்க’த்தில் சில மாதங்களுக்குள் சுமார் ஏழாயிரம் போதகர்கள் சேர்ந்தனர். நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டரங்கில் இருபதாயிரம் பேர் கூடிய கூட்டத்தில், பழைய ஏற்பாட்டையே கைவிட வேண்டும் என்று ‘ஜெர்மன் கிறிஸ்தவர்’ ஒருவர் முழங்கியபோது, அதுவரை தயங்கி நின்றவர்களும் விழித்துக்கொண்டனர்.

1934 மே 29 முதல் 31 வரை பார்மன் என்ற ஊரில் 139 பிரதிநிதிகள் கூடினர். லூதரன், கால்வின் மரபினர், இரண்டும் இணைந்த சபையினர் என்று நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றவர்கள் முதன்முறையாக ஒருமித்து ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அதை எழுதியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இறையியல் பேராசிரியர் கார்ல் பார்த். லூதரன் நண்பர்கள் மதிய உறக்கத்தில் இருந்தபோது, காப்பியையும் சுருட்டையும் துணையாகக் கொண்டு தாம் எழுதியதாக அவர் பின்னாளில் நகைச்சுவையாகக் கூறியதுண்டு. ஆறு கூறுகள் கொண்ட அவ்வறிக்கையின் சாரம் இது: திருச்சபை செவிகொடுக்க வேண்டிய இறைவார்த்தை ஒன்றே, தேசமோ இனமோ தலைவரோ இரண்டாவது வெளிப்பாடாக முடியாது. வாழ்வின் எப்பகுதியும் அந்த ஒரே தலைமைக்குப் புறம்பானதன்று. அரசுக்கு நீதியும் அமைதியும் காக்கும் கடமை உண்டு. ஆனால் மனித வாழ்வு முழுமைக்கும் தானே ஒழுங்கு என்று அரசு கூற இயலாது. திருச்சபையும் அரசின் ஓர் அங்கமாகிவிடலாகாது.

இவ்வாறு எழுந்ததே ‘அறிக்கைத் திருச்சபை’. மொழிபெயர்ப்பில் இச்சொல் சற்று நிறுத்துகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘விசுவாச அறிக்கை’ என்பார்கள். ‘பாவ அறிக்கை’ என்பார்கள். நான் இதை நம்புகிறேன் என்று எழுந்து சொல்வதும், நான் தவறு செய்தேன் என்று குனிந்து சொல்வதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஜெர்மன் மொழியிலும் அப்படியே. 1934-ல் அவர்கள் செய்தது முதல்வகை அறிக்கை. இரண்டாவதைச் செய்ய மேலும் பதினோராண்டுகள் ஆயின.

ஏன் தேவைப்பட்டது? பார்மன் அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. திருச்சபையின் சுதந்திரம் பேசப்பட்டது. கடை அடைக்கப்பட்ட, வேலை பறிக்கப்பட்ட அண்டைவீட்டான் பேசப்படவில்லை. திருமுழுக்குப் பெற்ற யூதப் போதகருக்காக எழுந்த குரல், திருமுழுக்குப் பெறாத யூதருக்காக எழவில்லை. நீமொல்லரேகூட 1933-ல் எழுதிய ஒரு குறிப்பில், யூத வம்சத்துப் போதகர்கள் தலைமைப் பதவிகளுக்கு வராமல் அடக்கமாக இருப்பது நல்லது என்றே கூறியிருந்தார். 1967-ல், தம் இறுதிக் காலத்தில், யூதர் பிரச்சினையைப் பார்மனில் முன்வைக்கத் தவறியது தம் குற்றமே என்று கார்ல் பார்த் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

பதிவேடும் சத்தியப் பிரமாணமும்

அரசியல் திருச்சபைக்குள் நுழைவது எப்போதும் கொடியோடும் முழக்கத்தோடும் நிகழ்வதில்லை. நாஜி ஆட்சியில் வேலைக்கும் திருமணத்துக்கும் மக்கள் தாங்கள் ‘ஆரியர்’ என்று ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. பாட்டன் பாட்டியர் யூதரா அல்லரா என்பதை எங்கே தேடுவது? நாட்டின் பொதுப் பிறப்புப் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சீராகத் தொடங்கியது. அதற்கு முந்திய தகவல் திருச்சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில்தான் இருந்தது. ஆகவே ஊர்தோறும் போதகரின் அலுவலகத்துக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. போதகரும் எழுத்தரும் பழைய ஏடுகளைப் புரட்டி, நகலெடுத்து, முத்திரையிட்டு வழங்கினர். யாரையும் அவர்கள் அடிக்கவில்லை. யாரையும் வைததும் இல்லை. ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தனர். அத்தாள்களைக் கொண்டே எவர் வாழலாம், எவர் வாழலாகாது என்பது பிரிக்கப்பட்டது. அறிக்கைத் திருச்சபையைச் சேர்ந்த ஊர்களிலும் இந்த வேலை நடந்தது. ‘இதில் என்ன அரசியல்? அலுவலகப் பணிதானே!’ என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

1938-ல் ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டிப் போதகர் அனைவரும் அவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டுமென்று திருச்சபை நிர்வாகம் ஆணையிட்டது. கூடிக்கூடி விவாதித்தபின் பெரும்பாலோர் எடுத்தனர். அதன்பின் நாஜிக் கட்சியின் உயர் அதிகாரி போர்மனின் சுற்றறிக்கை ஒன்று வெளியே தெரியவந்தது. இப்பிரமாணம் திருச்சபையின் உள்விவகாரம். கட்சிக்கும் அரசுக்கும் இதில் அக்கறை இல்லை என்றது அது. கேட்காத காணிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து வாசலில் நின்றதுபோலாயிற்று. அரசர்க்குரியதை அரசர்க்குக் கொடுப்பது பற்றிய ஏசுபிரானின் வாக்கை அடிக்கடி மேற்கோள் காட்டியவர்கள், இறைவனுக்குரியதிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள்.

அவ்வாண்டு நவம்பர் 9, 10 தேதிகளில் நாடெங்கும் யூதர்களின் ஜெபாலயங்கள் எரிந்தன. தலைமைப் பீடங்கள் மௌனம் காத்தன. வூர்ட்டம்பெர்க் பகுதியின் ஓபர்லென்னிங்கன் என்ற சிற்றூரில், யூலியஸ் ஃபான் யான் என்ற போதகர் அடுத்த வாரம் வந்த மனந்திரும்பும் நாளன்று பிரசங்க மேடையிலேயே அக்கொடுமையைக் கண்டித்தார். சில நாட்களில் ஒரு கும்பல் வந்து அவரை அடித்து இழுத்துச் சென்றது. பின்னர் சிறையும் கிடைத்தது.

கத்தோலிக்கர் தரப்பு இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. 1933 ஜூலை 20 அன்று போப்பரசரின் அரசும் ஹிட்லரின் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. அது பலமுறை மீறப்பட்டது. 1941 கோடையில் மியூன்ஸ்டர் நகர ஆயர் ஃபான் காலன், மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் ரகசியமாகக் கொல்லப்படுவதை மேடையில் வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்குள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். மூன்று வாரங்களில் அத்திட்டத்தை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். கொலைகள் வேறு வடிவில் மறைவாகத் தொடர்ந்தன என்பதும் உண்மையே. ஆயினும் பீடத்திலிருந்து எழும் சொல்லுக்கு அந்த அரசும் அஞ்சியது என்பதை இது காட்டுகிறது. பெர்லின் பேராலயக் குரு லிக்டன்பெர்க், யூதர்களுக்காக நாள்தோறும் வெளிப்படையாகப் பிரார்த்தித்தார்; 1941-ல் கைதாகி, 1943 நவம்பரில் டாஹாவ் முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் உயிர்நீத்தார்.

காந்தியடிகளுக்கு வந்த கடிதம்

இவ்வரலாற்றில் இந்தியாவைத் தொடும் இழை ஒன்றுண்டு. டீட்ரிக் போன்ஹோஃபர் 1906-ல் பிறந்தவர். இருபத்தொரு வயதிலேயே இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1933 ஏப்ரலில், மற்றவர்கள் திருச்சபையின் உரிமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது, யூதர்களை முன்னிட்டுத் திருச்சபைக்கு அரசின்பால் உள்ள கடமைகள் மூன்று என்று அவர் எழுதினார். அரசு தன் கடமையைச் செய்கிறதா என்று அதனிடமே வினவுதல் ஒன்று. அரசின் செயலால் துன்புறுவோர் எச்சமயத்தவராயினும் அவர்களுக்கு உதவுதல் மற்றொன்று. மூன்றாவதை ஓர் உருவகத்தால் விளக்கினார்: சக்கரத்தில் நசுங்கியவனுக்குக் கட்டுப்போடுவதோடு நில்லாமல், சக்கரத்தையே நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம்.

பதவியை நாடுவதும் அநீதியைக் கண்டு பேசுவதும் வேறு வேறு என்பது இங்கே தெளிவாகிறது. ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ செய்தது முன்னது. திருச்சபைக்கு என்று ஓர் ஆட்சிப் பங்கும் அவர் கேட்கவில்லை. சமய நிறுவனம் அரசியலிலிருந்து விலகி நிற்கட்டும் என்ற விதி, அதன் கை அதிகாரத்தை நோக்கி நீளாமல் தடுப்பதற்கு. அதன் கண்ணைக் கட்டுவதற்கன்று.

எதிர்ப்பை எவ்வழியில் நடத்துவது? போன்ஹோஃபருக்கு மலைப்பிரசங்கத்தின் வழியே வேண்டியிருந்தது. அவ்வழியில் வாழ்ந்து காட்டும் ஒருவர் இந்தியாவில் இருப்பதாக அவர் நினைத்தார். 1934-ல், லண்டனில் ஜெர்மானியச் சபையின் போதகராக இருந்தபோது, காந்தியடிகளுக்கு எழுதினார். சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல்லும் அவருக்காகப் பரிந்துரைத்து எழுதினார். நவம்பர் 1 தேதியிட்ட பதிலில், தாம் சிறைக்கு வெளியே இருந்தால் ஆசிரமத்தில் தம்முடன் தங்கித் தம் அன்றாட வாழ்வில் பங்குகொள்ளலாம் என்று காந்தியடிகள் வரவேற்றார். பயணம் நிறைவேறவில்லை. அறிக்கைத் திருச்சபை, போதகர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்துமாறு 1935-ல் அவரை அழைத்துவிட்டது. ஃபின்கன்வால்ட என்ற ஊரில் அவர் அமைத்த அப்பள்ளியில் அதிகாலைத் தியானம், மௌனம், ஒருவருக்கொருவர் தவற்றை வெளியிடுதல், பொது உடைமை வாழ்வு எல்லாம் இருந்தன. லூதரன் வட்டாரத்தில் ‘இது மடமா?’ என்ற முணுமுணுப்புக்கு அது இடமளித்தது. துறவிகளுக்கு அதில் வியப்பொன்றும் தோன்றாது. அரசை எதிர்த்து நிற்க வேண்டியவனுக்கு முதலில் வேண்டியது மனவொடுக்கம் என்று அவர் கண்டிருந்தார். 1937-ல் ரகசியப் போலீசார் பள்ளியை மூடினர்.

1939 கோடையில் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருக்க வாய்ப்புக் கிடைத்தும் சில வாரங்களிலேயே தாயகம் திரும்பினார். பின்னர் ஹிட்லரைக் கவிழ்க்க முயன்ற ரகசியக் குழுவில் இணைந்தார். அகிம்சையைக் கற்க விரும்பியவர் கொலைச்சதியில் பங்கு கொண்டதை எவ்வாறு புரிந்துகொள்வது? அவரே அதை நியாயப்படுத்தவில்லை. செய்தாலும் குற்றம், செய்யாதிருந்தாலும் குற்றம் என்ற நிலையில் ஒரு குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு இறைவன்முன் நிற்பதாகவே கருதினார். இதை மற்றவர்களுக்கு விதியாக்க இயலாது, அவரும் ஆக்கவில்லை. 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று, போர் முடிய ஒரு மாதமே இருந்த நிலையில், ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது முப்பத்தொன்பது. அவர் மாண்டது அரசியல் குற்றத்துக்காகவே, சமயத்துக்காக அன்று என்று கூறி, போருக்குப்பின் சில காலம்வரை அவருடைய சொந்தத் திருச்சபையிலேயே பலர் அவரைத் தியாகி என்று ஏற்கத் தயங்கினர்!

இரண்டாவது அறிக்கை

1945 அக்டோபர் 19 அன்று ஸ்டட்கார்ட்டில் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்கள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டனர். இன்னும் துணிவோடு சாட்சி கூறாதது, இன்னும் உண்மையாக ஜெபிக்காதது, இன்னும் ஆழமாக அன்பு செலுத்தாதது ஆகியவற்றுக்காகத் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டனர். அதிலும் யூதர் என்ற சொல் இடம்பெறவில்லை. அச்சொல்லைச் சொல்லிக் குற்றத்தை ஏற்க 1950-ல் பெர்லின் வைசன்ஸேயில் கூடிய சங்கம் வரை ஆயிற்று.

ஸ்டட்கார்ட்டில் கையொப்பமிட்டவர்களுள் நீமொல்லரும் ஒருவர். 1937 ஜூலை 1 அன்று கைதான அவர், மறுஆண்டு நீதிமன்றத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடப்படாமல், ஹிட்லரின் சொந்தக் கைதியாக முகாம்களில் அடைக்கப்பட்டார்; முதலில் சாக்சன்ஹாசன், 1941 முதல் டாஹாவ். எட்டாண்டுச் சிறையனுபவம் உள்ள அவரிடம் யாரும் குற்றத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில், தாம் அடைபட்டிருந்த டாஹாவ் முகாமுக்கு மனைவியுடன் சென்றபோது, பிணம் எரிக்கும் கூடத்தருகே ஒரு பலகையைக் கண்டார். இங்கே இத்தனை பேர் எரிக்கப்பட்டனர் என்று எழுதி, 1933 முதல் 1945 வரை என ஆண்டுகளும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த எண்ணிக்கையைவிட ஆண்டுகளே தம்மை உலுக்கியதாக நீமொல்லர் கூறினார். 1937 ஜூலை முதல் 1945 வரை எங்கிருந்தாய் என்று இறைவன் கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. பலகை தொடங்கியதோ 1933-ல்.

இந்நிகழ்ச்சியை அவர் ஊர் ஊராகச் சென்று சொன்னார். 1946 ஜனவரியில் எர்லாங்கன் நகரத் தேவாலயத்தில் பேசும்போது, கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் கூச்சலிட்டுக் குறுக்கிட்டனர். அவர் பேச்சை நிறுத்தவில்லை.